திறந்த வாயும் அடைத்த வழியும்

எங்கள் பேரன் வாயைத் திறந்துகொண்டுதான் உறங்குவான். அவனுக்கு ஆறு வயது. பெற்றோர் இருவருக்கும் இரவுப் பணி வாய்க்கும் நாள்களில் எங்களோடு படுத்துக்கொள்வான். திருநீர்மலையில் உள்ள எங்கள் சிறிய வீட்டின் முன்னறையில், மின்விசிறியின் இரைச்சலையும் மீறி அவனுடைய மூச்சொலி கேட்கும். ஈர மரத்தை அறுக்கும் வாளின் ஒலி போன்றது அது. காலையில் தலையணை எச்சிலால் நனைந்திருக்கும். உதடுகள் வறண்டு வெடித்திருக்கும். மூக்கு உள்ளவரை சளி இருக்கும் என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டு, நாங்களும் அதைப் பெரிதாகக் கருதவில்லை.

பெரிதாகக் கருதியது வேறொன்றை. அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒரு முறை அழைத்தால் திரும்ப மாட்டான். மூன்றாம் முறை குரலை உயர்த்தினால்தான் திரும்புவான். வகுப்பில் கவனம் இல்லை என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. மாலைச் செபத்தில் மற்றவர்கள் "ஆமென்" சொல்லி முடித்த பிறகு அவன் மட்டும் தனியே சொல்வான். "காது என்ன செவிடா?" என்று எத்தனை முறை கடிந்திருப்போம்! அந்தக் கேள்வி பின்னாளில் எங்களையே திருப்பிச் சுடும் என்று அப்போது அறியவில்லை.

செபமாலை மாதமாகிய அக்டோபரில், உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். வெளிநாட்டுத் தாய் ஒருத்தி, உறங்கப்போகும் தன் மகனின் உதடுகளை ஒட்டுநாடாவால் ஒட்டுகிறாள், நெற்றியில் முத்தமிடுகிறாள், விளக்கை அணைக்கிறாள். இப்படிச் செய்தால் குழந்தை மூக்கால் மூச்சுவிடப் பழகும், குறட்டை நிற்கும், தாடை அழகாக வளரும், மூளை கூர்மையாகும் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. செலவு இல்லை, மருந்து இல்லை, ஊசி இல்லை. முதியவர்களாகிய எங்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்தக் குரல் சொன்னதில் உண்மையும் கலந்திருந்தது. அதனால்தான் எளிதில் நம்பினோம். மூச்சுக்கு உரிய வழி மூக்குதான். உள்ளே செல்லும் காற்றை அது வெதுவெதுப்பாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசியை வடிகட்டுகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு, மூக்கால் இழுக்கும் மூச்சோடு கலந்து நுரையீரலின் இரத்த ஓட்டத்துக்குத் துணை செய்கிறது. மூச்சை நெறிப்படுத்துவதையே தவமாகக் கொண்ட சித்தர்கள் வாழ்ந்த நாட்டில் இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்களுக்கோ விவிலியமும் துணைக்கு வந்தது. மண்ணால் ஆன மனிதனின் நாசிகளில் அல்லவா ஆண்டவர் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் கூறுகிறது! வாயில் ஊதவில்லையே என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

இதே வாதத்தை எங்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் முன்வைத்திருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே வாழ்ந்து அவர்களை வரைந்த ஓவியர் ஜார்ஜ் கேட்லின் அவர். உறங்கும் குழந்தையின் உதடுகளை அந்தத் தாய்மார் விரலால் மெல்லச் சேர்த்து வைப்பதைக் கண்டு வியந்து, 1860-களில் வாய்மூச்சுக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். தொடக்க நூலின் அதே வசனத்தையும் சான்றாகக் காட்டினார். நம் காலத்தில், 2020-இல் ஜேம்ஸ் நெஸ்டர் எழுதிய மூச்சு பற்றிய நூல் உலகெங்கும் விற்பனையாகி, வாயை ஒட்டி உறங்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது. ஆனால் அந்தப் பழங்குடித் தாய் பயன்படுத்தியது விரலை. குழந்தைக்கு மூச்சு முட்டினால் வாய் தானே திறந்துகொள்ளும். ஒட்டுநாடா அப்படி விட்டுக்கொடுக்காது. இந்த வேறுபாடு அன்றிரவு எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

காயத்துக்குக் கட்டுப்போட வாங்கிய பிளாஸ்திரிச் சுருள் வீட்டில் இருந்தது. எங்களில் ஒருவர் பேரனின் முகத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒட்டினார். யார் பிடித்தார், யார் ஒட்டினார் என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவன் முரண்டு பிடிக்கவில்லை. விளையாட்டென்று எண்ணிக் கண்களால் சிரித்தான். பகலில் மழையில் நனைந்திருந்ததால் அவனுக்குச் சற்றே சளி பிடித்திருந்தது. அதையும் நாங்கள் பொருட்படுத்தவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் அவனைக் கிடத்தி, இருபுறமும் அமர்ந்து மெல்லிய குரலில் செபமாலை சொல்லத் தொடங்கினோம். குறட்டை கேட்கவில்லை. இறைவனுக்கு நன்றி என்றுகூட நினைத்தோம். இரண்டாம் மறையுண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருவிளக்கின் வெளிச்சத்தில் அவனுடைய மார்பு தென்பட்டது. மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்தெலும்பின் மேற்குழி உள்ளே அமுங்கியது. விலாவின் அடித்தோல் உட்குழிந்தது. நாசித்துளைகள் விரிந்து விரிந்து மூடின. நெற்றி முழுதும் வியர்வை. கைகள் போர்வையைப் பற்றியிருந்தன. பிளாஸ்திரியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தெறிந்தோம். அவன் வாயால் பெருமூச்சு ஒன்றை இழுத்த ஒலி இப்போதும் எங்கள் செவியில் இருக்கிறது. பிறகு திரும்பிப் படுத்து உறங்கிப்போனான். நாங்கள் உறங்கவில்லை. செபமாலையும் முடிவு பெறவில்லை.

காலையில் மேலுதட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பால் குடித்துக்கொண்டே அவன் சொன்னான்: "ராத்திரி உங்களைக் கூப்பிட்டேன் தாத்தா. சத்தமே வரல." குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. அது இருந்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றோம். நடந்ததை மறைக்காமல் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, மூக்கு அடைச்சிருக்கிறதாலதான் பிள்ளை வாயைத் திறக்கிறான். அதையும் அடைச்சிட்டா எந்த வழியா மூச்சு விடுவான்?" என்று மட்டும் கேட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அதை நாங்கள் எங்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்து அவர் காட்டினார். மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே, காற்று செல்லும் பாதையில் ஒரு வீக்கம். அடினாய்டு என்று பெயர். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்த் திசு அது. எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. மழலைப் பருவத்தில் வளர்ந்து, வளரிளம் பருவத்தில் தானே சுருங்கிவிடும். சிலருக்கு அளவுக்கு மீறிப் பருத்து வழியை அடைத்துக்கொள்ளும். டான்சில் வாயைத் திறந்தால் தெரியும், அடினாய்டு தெரியாது. அதனால்தான் பல வீடுகளில் அது பழக்கக் கோளாறு என்றே எண்ணப்படுகிறது. ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வு வீங்குவது, மூக்குத் தண்டு வளைந்திருப்பது, விளையாட்டாக மூக்கில் போட்டுக்கொண்ட மணியோ புளியங்கொட்டையோ உள்ளே தங்கிவிடுவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு பக்கத்து மூக்கிலிருந்து மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால் இந்தக் கடைசிக் காரணத்தை ஐயுற வேண்டுமாம்.

பிறகு அவர் காதுகளைச் சோதித்தார். இரு செவிப்பறைகளுக்கும் பின்னே நீர் கோத்திருந்தது. நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதன் வாயைப் பருத்த அடினாய்டு அடைத்துவிட்டால் செவியில் காற்று புகாது, நீர் தேங்கும், கேட்கும் திறன் மங்கும். "இவனுக்கு நாம் பேசுவது பஞ்சை வைத்து அடைத்த காதில் கேட்பது போலத்தான் கேட்கும்" என்றார். எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. காது என்ன செவிடா என்று கேட்டோமே! அவன் எங்களைப் புறக்கணிக்கவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை.

டென்மார்க்கின் கோபனேகன் நகரில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவர், செவி மந்தமும் மூக்கடைத்த பேச்சும் கொண்ட ஓர் இளம்பெண்ணை ஆராய்ந்து, மூக்கின் பின்னே மறைந்திருந்த இந்தத் திசுவைக் கண்டறிந்து 1868-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகள் மந்தபுத்தி என்றும் சோம்பேறி என்றும் எத்தனை ஏச்சுகள் கேட்டிருப்பார்கள்! அவர் கண்டறிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், எங்கள் வீட்டில் அதே ஏச்சு ஒலித்துக்கொண்டிருந்தது.

உறக்கத்தில் மூச்சு சிறிது நேரம் நின்று பின் திடுக்கிட்டுத் தொடர்கிறதா, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து உறங்குகிறானா, மிகுதியாக வியர்க்கிறதா, மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருக்கிறானா என்றெல்லாம் மருத்துவர் கேட்டார். பெரியவர்கள் உறக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ பரபரப்பும் எரிச்சலும் கவனச் சிதறலுமாக இருப்பார்கள் என்றார். குறட்டை விடுகிறதா என்று ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்டறிய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் வகுத்த நெறி. நம் வீடுகளில் குழந்தையின் குறட்டையை அயர்ந்த உறக்கத்தின் அடையாளமென்று மகிழ்கிறோம்.

வாயை ஒட்டுவது பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டோம். தைவானில் 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், உறக்க மூச்சுத்தடை சிறிதளவே உள்ள வயதுவந்தோர் 20 பேருக்கு அதனால் நன்மை தெரிந்தது. அமெரிக்காவில் 2024-இல் 54 பேரிடம் நடந்த ஆய்வில், வாயை மூடியபோது சிலருக்குக் காற்றோட்டம் மேம்பட்டது; வாயையே பெரிதும் நம்பி மூச்சுவிட்டவர்களுக்கோ அது குறைந்தது. 2025-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதுவரை வந்த 10 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். எல்லாம் சேர்த்து 213 பேர்தான். குறிப்பிடத்தக்க நன்மை 2 ஆய்வுகளில் மட்டும் காணப்பட்டது. மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறும் ஆபத்து உண்டு என்று 4 ஆய்வுகள் எச்சரித்தன. குழந்தைகளுக்கு இது பாதுகாப்பானது என்று மெய்ப்பித்த ஆய்வு இல்லை. பெரியவர் ஒருவர் திணறினால் தம் கையால் பிய்த்து எறிந்துகொள்வார். குழந்தையால் அது இயலாமல் போகலாம், அழைக்கவும் இயலாது. உறக்கத்தில் வாந்தி வந்தால் அது வெளியேற வழியின்றி மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடலாம். ஆகவே எந்தக் குழந்தையின் வாயையும் ஒட்டக் கூடாது என்று மருத்துவர் திட்டவட்டமாகக் கூறினார்.

வீட்டைப் பற்றியும் விசாரித்தார். ஒப்புக்கொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. அவன் உறங்கும் அறையிலேயே இரவெல்லாம் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்திருந்தோம். மாலைச் செபத்துக்குச் சாம்பிராணி போட்டு, புகை மண்டிய அறையில் அவனை முழந்தாளிட வைத்தோம். தலையணையோ பல்லாண்டுப் பழைய இலவம்பஞ்சு. வெளியேயும் தூய காற்றுக்குக் குறைவுதான். ஒரு காலத்தில் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளை உடைத்த கல்குவாரிகளின் தூசியைச் சுவாசித்த வட்டாரம் இது. இன்று புறவழிச்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன.

ஆனால் மூச்சின் அருமையை அறிந்த வட்டாரமும் இதுவேதான். இங்கிலாந்தில் காசநோயாளர்க்குத் திறந்தவெளி மருத்துவம் செய்து பெயர் பெற்ற டாக்டர் டேவிட் சவரிமுத்து, தாயகம் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு நலவாழ்வில்லத்தை நிறுவினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வுமே அவர் கொடுக்க முடிந்த மருந்து. அந்த இல்லம் பின்னர் அரசு மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் பெயரால் ஒரு ரயில் நிலையமே அமைந்தது. தாம்பரம் சானடோரியம் என்று அறிவிப்பு ஒலிக்கும்போதெல்லாம், மூச்சுக்கு ஏங்கிய மனிதருக்குச் சன்னலைத் திறந்துவைத்த அந்த மருத்துவரை நாங்கள் இப்போது நினைத்துக்கொள்கிறோம். அவர் திறந்தார், நாங்கள் அடைத்தோம்.

அறுவை மருத்துவம் என்றால் உடனே செய்துவிடலாமா என்றும் அவசரப்பட்டோம். முன்பு அலட்சியம், இப்போது அவசரம். மருத்துவர் எங்களை நிதானப்படுத்தினார். 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், உறக்க மூச்சுத்தடை உள்ள 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகள் பங்கேற்றனர். டான்சிலையும் அடினாய்டையும் அகற்றியவர்களில் 79 விழுக்காட்டினருக்கு ஏழு மாதங்களில் உறக்கச் சோதனை சீரானது. அகற்றாமல் கண்காணித்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குச் சீராகிவிட்டது. எனவே யாருக்குத் தேவை, யாருக்குக் காத்திருக்கலாம் என்று பிரித்தறிய வேண்டும் என்றார். முதலில் மூக்கில் தெளிக்கும் மருந்தும், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், சில மாதக் காத்திருப்பும்.

காத்திருத்தல் என்றதும் எங்கள் ஊர்மலையின் கதை நினைவுக்கு வந்தது. திருமங்கை ஆழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து வழி அடைபட்டிருந்ததாம். நீர் வடியும்வரை ஆறு மாதம் அருகிலேயே தங்கியிருந்து, பின்னரே மலையேறி வணங்கினாராம். அதனாலேயே இது நீர்மலை ஆயிற்று என்று எங்கள் தெருவின் வைணவப் பெரியவர் சொல்வார். வழி அடைபட்டிருந்தால் எதனால் என்று பார்ப்பதும், வடிய வேண்டியது வடியும்வரை அருகில் இருப்பதும் ஒரு பக்திதான். அருகில் இருப்பதுதான் முதன்மை. கண்காணிக்காமல் காத்திருப்பதற்குப் பெயர் அலட்சியம்.

கொசுவர்த்தியை விட்டொழித்துக் கொசுவலை கட்டினோம். தலையணையை மாற்றினோம். சாம்பிராணி முற்றத்துக்குப் போயிற்று. மாதங்கள் சென்றன. ஒவ்வாமை தணிந்தது, ஆனால் மூச்சு நின்று தொடர்வது நிற்கவில்லை, செவியின் நீரும் முழுதாக வற்றவில்லை. ஆகவே கோடை விடுமுறையில் அடினாய்டை அகற்றினார்கள். செவியின் நீரையும் வெளியேற்றினார்கள். காயம் ஆறி அவன் வீடு திரும்பிய சில நாள்களில், நள்ளிரவில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு விழித்தோம். அறையில் ஒலியே இல்லை. அஞ்சி அவனுடைய மூக்கருகே விரலை நீட்டினோம். வெதுவெதுப்பாக மூச்சு விரலில் பட்டது. உதடுகள் தாமாகவே மூடியிருந்தன. யாரும் ஒட்டவில்லை.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். பல்வரிசைக்குப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. கணக்கில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். ஆனால் பின்னாலிருந்து மெல்ல அழைத்தால் திரும்பிப் பார்க்கிறான்.

திருமுழுக்கின்போது குழந்தையின் செவியையும் வாயையும் அருள்தந்தை தொட்டு, அவை திறக்கப்பட வேண்டுமென்று மன்றாடும் சடங்கு நம்மிடம் உண்டு. கேளாத, திக்கிப் பேசிய மனிதனை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று குணமாக்கியதன் நினைவு அது. தனியே அழைத்துச் சென்றார் என்பதை இப்போதுதான் ஊன்றிப் படிக்கிறோம். நோயுற்றவனைத் தொடுவதற்கு முன் அவனோடு தனித்திருக்க அவருக்கு நேரம் இருந்தது. எங்கள் பேரனின் திருமுழுக்கில் அந்தச் சடங்கு நடந்தபோது நாங்கள் அருகில்தான் நின்றோம். ஆறு ஆண்டுகள் கழித்து அந்தச் செவியைக் கடிந்தோம். அந்த வாயை ஒட்டினோம். அன்பில்லாமல் அல்ல, கேட்காமல்.

பிப்ரவரி 3-ஆம் நாள் புனித பிளாசியுஸ் திருநாள். தொண்டையில் மீன்முள் சிக்கி மூச்சுத் திணறிய சிறுவனை அவர் காப்பாற்றினார் என்பது மரபு. அவர் ஆயர், மருத்துவராகவும் இருந்தவர் என்பர். ஆண்டுதோறும் அந்நாளில் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகத் தொண்டையருகே வைத்து அருள்தந்தை ஆசீர் அளிப்பார். வருகிற பிப்ரவரியில் பேரனை முன்னே நிறுத்தி, அவனுக்குப் பின்னால் நாங்களும் வரிசையில் நிற்போம். அவனுக்கு ஆசீர் வேண்டும். எங்களுக்கு அதற்கு முன் ஒப்புரவு வேண்டும். அவன் கூப்பிட்டும் எங்களுக்குக் கேட்காமற்போன அந்த ஓர் இரவுக்காக.